கழித்தல் குறி போட்ட வரி

என் வீட்டில் நான் சொன்னால் எடுபடாது. அதையே ஒரு வலைப்பக்கம் சொன்னால் எடுபடும். அந்த வலைப்பக்கத்தைத் தமிழில் எழுதியதே நான்தான் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். இப்போதெல்லாம் அழுவதில்லை, சண்டை போடுகிறேன்.

எங்கள் வீடு உத்தமபாளையத்தில். தோட்டம் அனுமந்தன்பட்டியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி. திராட்சைப் பந்தல், பந்தலின் ஓரத்தில் கிணறு, கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற மோட்டார். எங்கள் பக்கம் கரண்டு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை, சொல்லிக்கொண்டு போவதும் இல்லை. அதனால் எல்லோரும் ஸ்டார்ட்டரின் சுவிட்சை ‘ஆட்டோ’வில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கரண்டு வந்தால் மோட்டார் தானாக ஓடும், போனால் தானாக நிற்கும். ஆட்டோவில் போடாத ஸ்டார்ட்டரை இந்தப் பள்ளத்தாக்கில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த ஸ்டார்ட்டரோடு சேர்த்து ஒரு போர்டை என் வீட்டுக்காரர் மாட்டினார். போனிலிருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவுகிற கையகலப் போர்டு. எங்கெங்கோ இருக்கிற சிலர் சேர்ந்து அதை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வலையில் போட்டுவைத்திருக்கிறார்கள். தேனியில் சாமான் வாங்கி அவரே பற்றவைத்துச் செய்தார். டிப்ளமோ படித்தவர், கைவேலை சுத்தம். செய்து முடித்த அன்று வீட்டிலிருந்தபடி மோட்டாரைப் போட்டும் நிறுத்தியும் காட்டிய சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எனக்கு அந்தப் போர்டை விட வலையில் இருந்த அதன் கையேடுதான் பிடித்துப்போனது. கல்யாணத்துக்கு முன் மென்பொருள் கம்பெனி ஒன்றில் கையேடுகள் எழுதிக்கொண்டிருந்தவள் நான். இந்தக் கையேட்டுக்குத் தமிழ் இல்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தமிழாக்கி அனுப்பத் தொடங்கினேன். பைசா கிடையாது. படித்துவிட்டு ஆண்டிபட்டிப் பக்கமிருந்தும் மயிலாடும்பாறையிலிருந்தும் இரண்டொருவர் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள். அது போதும் என்றிருந்தது.

அனுப்புவது என்றால் நினைத்தபடி அனுப்ப முடியாது. அந்தத் திட்டத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது. எந்த வரியை எடுக்கிறோமோ அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி. அதற்குப் பதிலாக எதைப் போடுகிறோமோ அதன் முன்னால் ஒரு கூட்டல் குறி. மேலே, ஏன் மாற்றுகிறோம் என்று ஒரு சின்ன விளக்கம். இதற்குப் பேட்ச் என்று பெயர். ஒரு மின்னஞ்சலில் ஒரு மாற்றம்தான். இணைப்பாக வைக்கக் கூடாது, அஞ்சலின் உடம்பிலேயே இருக்க வேண்டும். அது குழுவில் உள்ள எல்லோருக்கும் போகும். யாராவது படித்துப் பார்த்து, செய்து பார்த்து, சரி என்பார்கள். கடைசியில் பொறுப்பாளர் சேர்த்துக்கொள்வார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. மிகவும் சுருக்கமாக எழுதுவார், நன்றி என்பதைக்கூட அளந்துதான் போடுவார்.

ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குப் போனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பந்தலுக்குள் கால் வைக்க முடியாமல் சேறு. முந்தைய நாள் சாயங்காலமே அவர் போனில் நிறுத்திவிட்டு வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இரவு கரண்டு போய் விடியும்போதுதான் வந்தது.

“நீ தெரியாம அழுத்தியிருப்ப,” என்றார். என் போனிலும் அந்தச் செயலி இருக்கிறது.

“ஒங்க மோட்டார நான் எதுக்கு அழுத்துறேன்?”

“பையில கெடக்குறப்ப அதுவா அழுந்தியிருக்கும்.”

வீட்டுக்கு வந்து கையேட்டைத் திறந்து பார்த்தேன். ‘செயலியில் நிறுத்து என்று அழுத்திய பிறகு, நீங்கள் மீண்டும் இயக்கு என்று அழுத்தும்வரை மோட்டார் ஓடாது.’ ஆங்கிலத்தில் அப்படி இருந்தது. தமிழில் அப்படியே நான் போட்டிருந்தேன். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காரணம் சேறு இல்லை. கிணறு.

மோட்டாரின் சல்லடையில் இலையும் சருகும் அடைத்துக்கொண்டு தண்ணீர் குறைந்தால் யாராவது உள்ளே இறங்கிக் கையால் எடுத்துவிட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்குக் கரண்டு போகும் நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரண்டு இல்லை என்றால் பாய்ச்சலும் இல்லை, அந்த நேரத்தில் இறங்கினால் வேலை கெடாது என்று கணக்கு. அதில் ஒன்றும் தப்பில்லை, இறங்கும் முன் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டால். மோட்டாருக்குப் போகிற கரண்டு மூன்று பீங்கான் கட்டைகள் வழியாகத்தான் போகிறது. அவற்றை உருவிவிட்டால் எந்த ஆட்டோவாலும் எதுவும் செய்ய முடியாது. என் வீட்டுக்காரரும் முன்பு அப்படித்தான் செய்வார். போர்டு வந்த பிறகு விட்டுவிட்டார். கட்டையைக் கவ்விப் பிடிக்கிற தாடை தளர்ந்துபோயிருக்கிறது, பிடுங்கிப் பிடுங்கி மாட்டினால் பொறி பறக்கிறது, அதான் போனிலேயே நிறுத்தியாயிற்றே என்பார். எங்கள் மோட்டாரின் கேபிள் இரண்டு இடத்தில் ஜாயின்ட் போட்டது. அதுவும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். “இனிமே கட்டையப் புடுங்காம எறங்காதீங்க. அந்த ஸ்டாப்ப நம்ப முடியாது.”

“அந்த வலைப்பக்கத்துல என்ன போட்டிருக்கு?”

“போட்டிருக்குறது தப்பு.”

“நீதான எழுதுன?”

“அவக எழுதுனதத் தமிழ்ல போட்டேன். அம்புட்டுத்தான்.”

“அவக சும்மாவா எழுதியிருப்பாக? ஒருத்தர் எழுதி, இன்னொருத்தர் பாத்து, செஞ்சு பாத்துத்தான் போடுவாகன்னு நீதான ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற?”

நான் சொன்னதுதான். பெருமையாகச் சொன்னது. ரசத்தை ஊற்றினேன். இலைக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி கையை உதறிக்கொண்டு எழுந்தவர், நின்று சொன்னார்: “அந்தப் பக்கத்த மாத்தச் சொல்லு. மாத்திட்டாகன்னா நான் கட்டையப் புடுங்கிட்டுத்தான் எறங்குவேன். சரியா ஆத்தா?”

கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு அது கேலியாகப் படவில்லை. தண்ணீர் ஏற்கனவே மெலிந்துதான் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் சில நாளில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டு இருக்காது என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு இறங்கிச் சல்லடையைச் சுத்தம் செய்வதாக அவர் தீர்மானித்துவிட்டார். இனி நான் தலைகீழாக நின்றாலும் அவர் மாறமாட்டார். அந்த வரி மாறினால்தான் மாறுவார்.

அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். அந்த ஒரு வரிக்கு முன்னால் கழித்தல் குறி. கூட்டல் குறியில் இரண்டு வரி: கரண்டு போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடக்கூடும், கிணற்றுக்குள் இறங்கும் முன் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றி மேலே நிற்பவரிடம் கொடுக்கவும். முதலில் ஆங்கிலப் பக்கம், அது சேர்ந்த பிறகுதான் தமிழ். வழக்கமாக நான் எனக்கே ஒரு பிரதி அனுப்பி, வரிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் குழுவுக்கு அனுப்புவேன். அன்று அந்தப் பொறுமை இல்லை. கணினிக்குக் கட்டளை எழுதி அனுப்புகிற வழக்கமான முறையையும் விட்டுவிட்டு, உலாவியில் திறந்திருந்த அஞ்சல் பெட்டியிலேயே ஒட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பொறுப்பாளரின் பதில் வந்தது. ஒரே வரி. ‘உங்கள் அஞ்சல் பெட்டி வரிகளை மடக்கிவிட்டது. பேட்ச் ஒட்டவில்லை. திரும்ப அனுப்புங்கள்.’

நீளமான வரியைப் பெட்டி தானாக இரண்டாக மடக்கியிருந்தது. மடங்கிய பாதிக்கு முன்னால் குறி இல்லை. குறி இல்லாத வரியை இயந்திரம் எடுத்துக்கொள்ளாது. எனக்கு இது தெரியாததா? பல்லைக் கடித்துக்கொண்டு, முறைப்படி இரண்டாம் பதிப்பு என்று தலைப்பில் குறித்து, எனக்கு ஒரு பிரதி, பிறகு குழுவுக்கு.

இந்த முறை பதில் கொஞ்சம் நீளம். ‘பேட்ச் ஒட்டுகிறது. ஆனால் இதற்கு என்ன அவசியம்? நிறுத்து அழுத்திவிட்டு மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுத்துப் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை. நீங்கள் செய்து பார்த்தீர்களா? மேலும், ஃபியூஸ் பற்றிச் சொல்வது நம் கையேட்டின் வேலை இல்லை.’

கிணறு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு பதில் எழுதினேன். எழுதி அழித்தேன். கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. நான் செய்து பார்க்கவில்லை.

செய்து பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் கொட்டகையில் மீட்டர், அதற்குக் கீழே மூன்று கட்டைகள், அப்புறம் ஸ்டார்ட்டர். கட்டையைப் பிடுங்கினாலும் போர்டு விழித்திருக்க வேண்டும் என்பதற்காக, போர்டுக்கும் ஸ்டார்ட்டரை இழுக்கிற கம்பிச்சுருளுக்கும் கட்டைக்கு மேலேயே தனியாக ஒயர் எடுத்து, அதற்கென்று ஒரு குட்டி சுவிட்சும் வைத்திருந்தார். மோட்டாருக்குப் போகிற கரண்டு மட்டும் கட்டை வழியாக. போனில் நிறுத்து என்று அழுத்தினேன். குட்டி சுவிட்சை அணைத்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பப் போட்டேன்.

மோட்டார் ஓடவில்லை. மறுபடி செய்தேன். ஓடவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

“பாத்தியா? வெளிநாட்டுக்காரன் செஞ்சு பாத்துச் சொல்றான். நீ சேத்தப் பாத்துட்டுச் சொல்ற.”

பக்கத்துப் பந்தலில் திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த அக்காவும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வீட்டுக்கு வந்து, செய்து பார்த்தேன், மோட்டார் ஓடவில்லை என்று உள்ளதைக் குழுவுக்கு எழுதினேன். அதை மறைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பொறுப்பாளர் உடனே பதில் போட்டார். ‘நன்றி. அப்படியானால் இதை ஒதுக்கிவைக்கிறேன். வேறு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.’

ஆக, வெளியில் ஒருவர், வீட்டுக்குள் ஒருவர், இரண்டு பேருக்கும் நான் சொன்னது பொய். ஆனால் அந்தச் சேறு பொய் இல்லையே. என் பையில் கிடந்த போன் அழுந்தியிருக்கும் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

பராமரிப்பு நாள் காலையில் அவர் கிளம்பும்போது இன்னொரு முறை சொன்னேன். “எனக்காகவாச்சும் கட்டையப் புடுங்கிருங்க.”

“நேத்து நீயே செஞ்சு பாத்தில்ல?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாயங்காலம் வரைக்கும் கரண்டே கெடையாது. நான் மத்தியானச் சோத்துக்கு இங்கன இருப்பேன்,” என்று போய்விட்டார்.

வீட்டிலும் கரண்டு இல்லை. மடிக்கணினியில் இருந்த சார்ஜை வைத்துக்கொண்டு வேறொரு பக்கத்தின் தமிழைத் திருத்திக்கொண்டிருந்தேன். மனசு ஒட்டவில்லை. பக்கத்தில் போனில் அந்தச் செயலியைத் திறந்து வைத்திருந்தேன். மூலையில் ஒரு பச்சைப் புள்ளி உண்டு. போர்டு விழித்திருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் அது பச்சையாகவே இருக்கும். போர்டில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. கரண்டு போய்விட்டது என்று நமக்குச் செய்தி அனுப்புவதற்காக வைத்தது.

கண்ணுக்கு முன்னால் அந்தப் புள்ளி சாம்பலானது. ‘தொடர்பில் இல்லை.’

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். பாதி வரியில் கை நின்றது. நேற்று நான் சுவிட்சை அணைத்தபோது பேட்டரி தீரவில்லை. பொறுப்பாளர் அவருடைய மேசையில் துண்டித்துக் கொடுத்தபோதும் தீர்ந்திருக்காது. நாங்கள் இருவரும் போர்டைத் தூங்கவிடவே இல்லை. விழித்துக்கொண்டே இருந்ததால் நிறுத்து என்பது அதற்கு ஞாபகம் இருந்தது. பேட்டரி தீர்ந்து முழுக்கச் செத்துப்போனால் அதற்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அடுத்து கரண்டு வரும்போது புதிதாகப் பிறந்த மாதிரி எழுந்து, பக்கத்தில் ஸ்டார்ட்டர் எப்படி இருக்கிறது என்று பார்க்கும். ஸ்டார்ட்டர் ஆட்டோவில் இருக்கும். அன்றைக்கு இரவெல்லாம் கரண்டு இல்லாமல் கிடந்து விடியும்போது மோட்டார் ஓடியது இப்படித்தான். கரண்டு இவ்வளவு நேரம் போகும் என்பது அந்தப் பொறுப்பாளரின் ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது. எங்கள் ஊரில் அதற்கு நாள் குறித்துப் பேப்பரில் போடுகிறார்கள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிணற்றில் இறங்குகிறவர் போனைக் கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் வரை என்று பேப்பரில் போட்டாலும், வேலை சீக்கிரம் முடிந்தால் சீக்கிரமே கொடுத்துவிடுவார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன மாதம் மத்தியானத்திலேயே வந்துவிட்டது.

கதவைப் பூட்டினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பைபாஸ் திருப்பத்தில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. ஹாரனை விடாமல் அழுத்தினேன். “ஏம்மா, வீடா பத்தி எரியுது?” என்று கிளீனர் கத்தினான். ஆமாம் என்று கத்திவிட்டு மண்ணில் இறக்கி ஓட்டினேன். வழியெல்லாம் கடைகளின் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். எந்த விசிறியும் சுற்றவில்லை. சுற்றிவிடக் கூடாது, சுற்றிவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எந்தச் சாமியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வண்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு ஓடினேன். கவாத்து வெட்டும் அக்கா நிமிர்ந்து பார்த்தார்கள். “என்னாத்தா இப்படி ஓடியார? அவக அப்பவே கெணத்துக்குள்ள எறங்கிட்டாகளே.”

கொட்டகைக்கு ஓடினேன். கட்டைகள் மூன்றும் அங்கேயே, மாட்டினது மாட்டினபடி. என் வாழ்க்கையில் நான் அவற்றைத் தொட்டதில்லை. தொட்டால் உதறித் தள்ளும் என்று பயந்தே வளர்ந்தவள். இப்போது கரண்டு இல்லை, ஆனால் நான் தொடுகிற நேரம் பார்த்து வந்தால்? அதை யோசித்தது ஞாபகம் இருக்கிறது. யோசித்துக்கொண்டே முதல் கட்டையைப் பிடித்து இழுத்ததும் ஞாபகம் இருக்கிறது. தளர்ந்த தாடை என்று அவர் சொன்னது சும்மா, கையைக் கிழித்துக்கொண்டுதான் வந்தது. இரண்டு. மூன்று. மூன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

கீழே, மார்பளவு தண்ணீரில், ஒரு கையால் கல்படியைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சருகை அள்ளிக்கொண்டிருந்தார்.

“மேல வாங்க!”

நிமிர்ந்தார். “இங்கன எதுக்கு வந்த? சோறு கொண்டாந்தியா?”

“மொதல்ல மேல வாங்க. அந்த போர்டு செத்துப் போச்சு. கரண்டு வந்தா ஸ்டாப்பு அதுக்கு ஞாபகம் இருக்காது.”

“மறுபடி ஆரம்பிச்சிட்டியா? இன்னும் ரெண்டு கை அள்ளுனா முடிஞ்சிரும்.”

“அள்ளுனது போதும், வாங்க!”

“கத்தாத. நேத்துத்தான செஞ்சு பாத்த? ஓடுச்சா? அந்தப் பொறுப்பாளரும்...”

கொட்டகைக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

ஸ்டார்ட்டர் இழுக்கிற சத்தம். மோட்டார் வைத்திருக்கிற யாருக்கும் அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும். கரண்டு வந்து, போர்டு எழுந்து, ஸ்டார்ட்டரை இழுத்துப் பிடித்துவிட்டது. அதற்கு அடுத்து மோட்டாரின் உறுமல் வர வேண்டும். வரவில்லை. கட்டைகள் என் கையில் இருந்தன.

அவர் தண்ணீருக்குள் இருந்த கையை மெதுவாக வெளியே எடுத்தார். பாம்பின் மேலிருந்து கையை எடுக்கிற மாதிரி எடுத்தார். படியேறி வந்தவர் கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.   அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டேன்.

“அந்தாளுக்கு எழுது,” என்றார் கடைசியில்.

அன்று சாயங்காலமே மூன்றாம் பதிப்பு. இந்த முறை எனக்கு ஒரு பிரதி அனுப்பி, வரி மடங்கவில்லை என்று பார்த்த பிறகு. விளக்கத்தில் செத்த பேட்டரி, ஆட்டோ, நீண்ட மின்வெட்டு, ஸ்டார்ட்டர் இழுத்த சத்தம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். கிணற்றுக்குள் ஆள் இருக்கும்போது இது நடந்தால் உயிர் போகும் என்று முடித்தேன். பொறுப்பாளரிடமிருந்து உடனே ஒரு கேள்வி வந்தது. ‘பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்து பார்க்கிறேன். கிணற்றுக்குள் ஆள் என்பது ஓர் உதாரணத்துக்காகச் சொன்னதா?’

‘இல்லை. என் வீட்டுக்காரர்,’ என்று பதில் எழுதினேன்.

மறுநாள் காலையில் அவர் தோட்டத்துக்குக் கிளம்பி நின்றார். “கட்டை எங்க?”

எங்கே? கையில் வைத்திருந்தேன். துவட்டினேன். அப்புறம்? சமையலறை, மேசை, பை எல்லாவற்றையும் கலைத்தேன். கொட்டகையிலும் இல்லை என்று அக்காவிடம் போனில் கேட்டுச் சொன்னார். பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், கட்டையைக் காணோம்.  கடைசியில் வண்டியின் சீட்டுக்கு அடியில், மழைக் கோட்டுக்குள் சுற்றிக் கிடந்தன. எப்போது அங்கே வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

அவர் சிரிக்கவில்லை. கட்டைகளை வாங்கிக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். “கழட்டி மேல நிக்கிற ஆள்ட்ட குடுக்கணும்னு எழுதியிருக்கியே. மேல நிக்கிற ஆளு ஒன்ன மாதிரிப் பதறிப்போய் எங்கனயாச்சும் வச்சிட்டா? இல்ல, வேற யாரும் நமக்கு ஒத்தாசை செய்றதா நெனச்சு எடுத்து மாட்டிட்டா?”

நான் நேராகப் போய் மடிக்கணினியைத் திறந்தேன். பொறுப்பாளரின் அஞ்சல் வந்திருந்தது. ‘பேட்டரி இல்லாமல் செய்து பார்த்தேன். ஓடியது. முன்பு உங்களை நம்பாததற்கு வருந்துகிறேன். உங்கள் வீட்டுக்காரர் நலமா? ஃபியூஸ் பற்றிய வரி இருக்கட்டும். சேர்க்கப் போகிறேன்.’ அளந்து எழுதுகிறவரிடமிருந்து அத்தனை வரி. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, சேர்க்காதீர்கள், பொறுங்கள், நான்காம் பதிப்பு வருகிறது, அவர் நலம் என்று எழுதினேன். மேலே நிற்பவரிடம் கொடுக்கவும் என்பதை எடுத்துவிட்டு, இறங்குகிறவரே தன் உடம்போடு வைத்துக்கொள்ளவும் என்று போட்டு அனுப்பினேன். அன்றே சேர்ந்தது. தமிழ்ப் பக்கம் அதற்கு அடுத்து.

அடுத்த மாதம் பராமரிப்பு நாளன்று தோட்டத்திலிருந்து எனக்குப் போன் வந்தது.

“ஏய், அந்த வலைப்பக்கத்துல புதுசா ஒண்ணு போட்டிருக்காக, பாத்தியா? எறங்குறவன் கட்டைய மடியிலயே வச்சுக்கணுமாம். நல்லா வெவரமாத்தான் எழுதியிருக்காக.”

உண்மையாகத்தான் சொல்கிறாரா, என்னைச் சீண்டுகிறாரா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. யார் எழுதியது என்று கேட்க வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

“இப்பக் கட்டை எங்க?” என்றேன்.

“மடியிலதான். இந்தா கேளு.” போனுக்குப் பக்கத்தில் பீங்கானோடு பீங்கான் மோதுகிற சத்தம் கேட்டது. “எறங்குறேன், வச்சிராத.”

போனைக் கொட்டகையில் வைக்காமல் கிணற்று மேட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினார். தண்ணீர் சளசளக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அவர் மேலே வந்து போனை எடுக்கும்வரை நான் லைனிலேயே இருந்தேன்.